உ என்றால் இரண்டு

என் அண்ணன் மகன் யாங்கோனில் உள்ள எங்கள் தச்சுப் பட்டறைக்குப் புதிய பெயர்ப்பலகை செய்ய ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. இவ்வளவு நாள் இழுக்கக்கூடிய வேலை அல்ல. மரம் அப்போதே தயாராக இருந்தது. சஞ்சாவுங் பக்கம் இடித்த ஒரு வீட்டிலிருந்து வாங்கிய பழைய தேக்கு. ஏழடி நீளம், ஒன்றேகால் அங்குல கனம், தேடினாலும் ஒரு கணு அகப்படாது. பர்மிய எழுத்திலும் ஆங்கிலத்திலும் பெயரை வரைந்து ஒட்டியும்விட்டான். சண்டை வந்தது பெயருக்குக் கீழே வரும் வரியில்தான். 'குடும்பத் தொழில், நான்கு தலைமுறை, 1926 முதல்' என்று செதுக்க வேண்டும் என்றான். நான் வேண்டாம் என்றேன். "ஏன் வேண்டாம் சித்தப்பா?" என்று கேட்டபோது என்னால் ஒரு வாக்கியத்தில் பதில் சொல்ல முடியவில்லை. இப்போதும் முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் தச்சன் அல்ல. எங்கள் வீட்டில் உளி பிடிக்கத் தெரியாத ஒரே ஆண்பிள்ளை நான்தான். பட்டறையின் கணக்குப் புத்தகம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக என் கையில் இருக்கிறது. மரம் எத்தனை டன் வந்தது (பர்மாவில் ஒரு டன் தேக்கு என்றால் எடை இல்லை, ஐம்பது கன அடி), யாருக்கு எவ்வளவு கூலி, எந்த வாடிக்கையாளர் மூன்றாவது தவணையைத் தராமல் இழுக்கிறார் என்பதெல்லாம் என் இலாகா. ஆகவே ஓர் ஆண்டைப் பலகையில் செதுக்கப்போகிறார்கள் என்றால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பது என் தொழில் புத்தி.

1926 எந்தக் காகிதத்திலும் இல்லை. அப்பா சொல்வார், "பூகம்பத்துக்கு நான்கு வருடம் முன்னால் உன் தாத்தா கப்பல் ஏறினார்" என்று. பெகு நகரத்தைத் தரைமட்டமாக்கி ரங்கூனையும் உலுக்கிய பூகம்பம் 1930 மே 5ஆம் தேதி வந்தது. நான்கைக் கழித்தால் 1926. கழித்தல் சரிதான். ஆனால் கப்பல் ஏறுவதும் பட்டறை போடுவதும் ஒன்றா? புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மேல்தட்டு டிக்கெட்டில் வந்து இறங்கிய தாத்தா, முதல் சில ஆண்டுகள் பசுண்டாங் ஓடைக்கரையில் இன்னொருவர் பட்டறையில் நாள்கூலிக்கு இழைத்துக்கொண்டிருந்தார். சொந்தமாக ஒரு மூங்கில் கொட்டகை போட்டது பூகம்பத்துக்குப் பிறகு, சுவர் விரிந்து நிலை கோணிப்போன வீடுகளில் வேலை குவிந்த காலத்தில். அந்த ஆண்டை யாரும் குறித்துவைக்கவில்லை. குறித்துவைக்க நேரமில்லாத அளவுக்கு வேலை இருந்திருக்கும்.

அந்த ரங்கூனை இன்றைய யாங்கோனில் நின்று கற்பனை செய்வது கொஞ்சம் கடினம். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்கள். ஃபிரேசர் தெரு என்று எங்கள் பெரியவர்கள் கடைசிவரை சொன்ன இன்றைய அனவ்ரட்டா சாலையில் தமிழும் தெலுங்கும் காதில் விழாமல் நூறு அடி நடக்க முடியாது. ஆற்றோரம் நெடுக மர ஆலைகள். பம்பாய் பர்மா, ஸ்டீல் பிரதர்ஸ், மாக்ரெகர், ஃபிண்ட்லே, ஃபூகார் என்ற ஐந்து பெரிய கம்பெனிகளின் கையில் காடுகள். முதல் கம்பெனிக்கு மாண்டலே அரசு தேக்குக் கணக்கில் குறை காட்டியதாக அபராதம் போட்டதும், அதைச் சாக்காக வைத்து 1885இல் பிரிட்டிஷ் படை ஏறிவந்து தீபோ மன்னரை நாடுகடத்தியதும் பள்ளிக்கூடப் பாடம். மரக்கணக்கு எழுதுபவன் என்ற முறையில் எனக்கு அந்தப் பாடத்தின்மேல் எப்போதும் ஒரு தனிப் பயம் உண்டு.

பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கிவிடும். அதனால் காட்டில் அதை உடனே வெட்டிச் சாய்ப்பதில்லை. அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிறையும் (வெளிப்பக்க இளமரம்) வைரம் (முதிர்ந்த உள்மரம்) தட்டும் வரைக்கும் வளையமாக வெட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மரம் நின்ற நிலையிலேயே செத்து, இரண்டு மூன்று ஆண்டு நின்ற நிலையிலேயே காயும். பிறகுதான் வெட்டு, யானை இழுப்பு, ஓடையில் வெள்ளம் வரும் வரை காத்திருப்பு, பெரிய ஆற்றில் தெப்பம். வளையம் வெட்டிய மரம் ரங்கூன் ஆலைக்கு வந்து சேர ஐந்தாறு ஆண்டுகூட ஆகும். தாத்தா கப்பல் ஏறிய வருடம் காட்டில் செத்த மரம், அவர் சொந்தக் கொட்டகை போட்டபிறகு அவர் கைக்கு வந்திருக்கலாம். தேக்கு வேலையில் ஆண்டு என்பதே வழுக்கும் சமாச்சாரம்.

பட்டறைகளில் அன்று போட்டி பலமாக இருந்தது. நகரத்தின் தேர்ந்த தச்சர்களில் பலர் காண்டனைச் சேர்ந்த சீனர்கள். பர்மியர்கள் அவர்களை 'லெத்தோ' என்பார்கள். குட்டைக்கை என்று பொருள். உடலுழைப்புக்காரர்கள் குட்டைக்கைச் சட்டை போட்டதால் வந்த பெயர். கடை வைத்திருந்த ஹொக்கியன் சீனர்கள் நெடுங்கைக்காரர்கள், 'லெஷே'. குறுக்குக் கைப்பிடி வைத்த சீன இழைப்புளியை எங்கள் பட்டறையில் இன்றும் பார்க்கலாம். தாத்தா ஒரு குட்டைக்கைக்காரரிடம் வாங்கியது என்பார்கள். எங்களுக்கும் பர்மிய மொழியில் ஒரு நிரந்தர இடம் உண்டு. நாற்காலிக்குப் பர்மியச் சொல் 'கலாத்தைங்'. கலா என்றால் இந்தியர், தைங் என்றால் உட்கார்வது. கலா என்ற சொல் சில வாய்களில் வசவு, சில வாய்களில் வெறும் அடையாளம். தரையில் பாய் விரித்து உட்கார்ந்த ஊரில், கடல் தாண்டி வந்தவன் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த வினோதப் பொருளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு தச்சுக் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய பெயர்ப்பலகை கிடைக்காது என்று அண்ணன் சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் வீட்டுக் கதை

அண்ணன் மகன் நினைக்கும் நேர்க்கோடு எங்கள் பட்டறையில் இல்லை. 1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. அடுத்த மார்ச்சில் நகரம் விழுவதற்குச் சில வாரங்கள் முன்பு தாத்தா புரோம் வரைக்கும் போய், அங்கிருந்து தவுங்குப் பாதையில் அரக்கான் மலையை நடந்து கடந்தார். போர் முடிந்ததும், 1946இல், திரும்பி வந்தார். எங்கள் வீட்டில் இந்தக் கதையின் அடுத்த வாக்கியம் எப்போதும் இதுதான்: "வந்து பட்டறையை மறுபடியும் திறந்தார்." நான் நாற்பது வயது வரைக்கும் அந்த வாக்கியத்தை ஒருமுறைகூட நிறுத்திக் கேட்கவில்லை. நான்கு ஆண்டு அந்தக் கொட்டகையும் உளிப்பெட்டியும் என்ன ஆயின? ஊரே சூறையாடப்பட்ட காலத்தில் உளிகள் மட்டும் தாத்தாவுக்காகக் காத்திருந்தனவா?

காத்திருந்தன, ஏனென்றால் ஒருவர் வைத்துக் காத்தார். தாத்தாவிடம் பையனாகச் சேர்ந்து தொழில் கற்ற ஒரு பர்மியர். ஜப்பானியர் காலம் முழுக்க அந்தக் கொட்டகையில் வண்டிச் சக்கரமும் சவப்பெட்டியும் செய்து பிழைத்திருக்கிறார். தாத்தா வந்ததும் பெட்டியைத் திறந்து எண்ணிக் காட்டினாராம். அவருடைய மகன்தான் இன்று எங்கள் பட்டறையின் மூத்த தச்சர். எழுபத்தைந்து தாண்டியவர். நாங்கள் எல்லோரும் அவரை 'சயாஜி' என்றுதான் கூப்பிடுகிறோம். பெரிய வாத்தியார் என்று பொருள். 1960இல் பன்னிரண்டு வயதில் அப்பாவின் பின்னால் பட்டறைக்குள் வந்தவர் இன்னும் வெளியே போகவில்லை.

1964 எல்லோருக்கும் தெரிந்த கதை. மார்ச்சில் கடைகள் அரசுடைமை ஆயின. மே 17ஆம் தேதி ஐம்பது கியாட், நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். எங்கள் மர இருப்பைப் பட்டியல் எடுத்து முத்திரை வைத்தார்கள். அடுத்த ஆண்டு தாத்தாவும் பாட்டியும் மதராஸ் கப்பலில் போனார்கள். அப்பா போகவில்லை. அண்ணன் அப்போது அம்மா வயிற்றில் ஏழு மாதம். இந்த நிலையில் கடல் வேண்டாம் என்று அம்மா வீட்டார் தடுத்தார்கள். அடுத்த கப்பலில் போகலாம் என்று முடிவு. அந்த அடுத்த கப்பல் இன்னும் வரவில்லை.

பிறகு அந்தக் கொட்டகை கூட்டுறவுச் சங்கத்தின் பெயருக்கு மாறியது. பொறுப்பில் இருந்தவர் சயாஜியின் அப்பா. என் அப்பா அங்கே கூலிக்குப் போனார். தாத்தாவின் பட்டறையில், தாத்தாவின் உளியை வைத்து, தாத்தாவின் சீடரிடம் நாள்கூலி. பள்ளி பெஞ்சும் மேசையும்தான் வேலை. நான் மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவேன். அப்பா உளியை வைத்துவிட்டு அந்தப் பெரியவரைப் பார்ப்பார். அவர் தலையசைத்தபிறகுதான் தூக்குச்சட்டியைத் திறப்பார். எட்டு வயதில் நான் பார்த்த அந்தத் தலையசைப்பு முள்ளாகத் தைத்து நின்றது. வீட்டில் சத்தமில்லாமல் பேசிக்கொள்ளும்போது, "நம் பட்டறையை எடுத்துக்கொண்டார்கள்" என்று அம்மா சொல்வார். எடுத்துக்கொண்டது அரசாங்கமா அந்தப் பெரியவரா என்று அந்த வாக்கியம் பிரித்துச் சொல்லாது. நானும் பிரித்துப் பார்க்கவில்லை.

1989இல் தனியார் தொழிலுக்கு மறுபடி வழி திறந்தது. அதற்குள் பெரியவர் இறந்துவிட்டார். ஒரு சாயங்காலம் சயாஜி வீட்டுக்கு வந்து ஒரு சாவியை மேசைமேல் வைத்தார். லபேயே (தேநீர்) குடித்தார். மழையைப் பற்றி ஏதோ பேசினார். போய்விட்டார். மறுநாளிலிருந்து அப்பா முதலாளி, சயாஜி தச்சர். பத்திரம் எதுவும் இல்லை. எங்கள் வீட்டுக் கதையில் இதற்குப் பெயர் "பட்டறையை மீட்டோம்" என்பது. வினைச்சொற்களைக் கவனியுங்கள்: எடுத்துக்கொண்டார்கள், மீட்டோம். கணக்குப் புத்தகத்தில் நான் ஒருபோதும் இப்படி எழுதமாட்டேன். பற்று எது வரவு எது என்று பார்க்காமல் எழுதினால் வேலை போய்விடும்.

கதவு

2014இல் நடந்தது இது. அந்த ஏப்ரலில்தான் உருட்டுமர ஏற்றுமதியைத் தடை செய்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு யாங்கோன் பாரம்பரிய அறக்கட்டளை தொடங்கியிருந்தது. பழைய கட்டடங்களை இடிக்காமல் திருத்தலாம் என்ற பேச்சு நகரத்தில் புதிதாக எழுந்திருந்தது. இரண்டு தெரு தள்ளிப் போனால் இடிக்கும் சத்தம் கேட்கும், அது வேறு விஷயம். கீழ்நகரத்தில் ஆற்றுப் பக்கம் பார்த்த மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் பதினாறு தேக்குக் கதவுகளைக் கழற்றிச் செப்பனிடும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும். வேலைக்கு ஏற்பப் பணம் வாங்க வேண்டியவன் என்பதால் நானும் போய் நின்றேன்.

பழைய கதவைப் பிரிப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பசையும் இரும்பாணியும் அதில் கிடையாது. நெடுஞ்சட்டம் இரண்டு, குறுக்குச்சட்டம் நான்கு. குறுக்குச்சட்டத்தின் இரு முனையிலும் கழுந்து, அதாவது நாக்குப் போல நீட்டிய முனை; நெடுஞ்சட்டத்தில் அதற்கான துளை. ஒரு கதவுக்கு எட்டு மூட்டு. மூட்டுக்கு ஒரு மர ஆணி. அந்த ஆணியில்தான் சூட்சுமம். கழுந்தில் போடும் ஓட்டையை, சட்டத்தில் போட்ட ஓட்டைக்கு நேராகப் போடமாட்டார்கள். ஒரு காசு கனம் தோள்பக்கமாக, அதாவது கழுந்து தொடங்கும் பக்கமாகத் தள்ளிப் போடுவார்கள். ஆணியை அடிக்கும்போது அது வளைந்து உள்ளே போய்க் கழுந்தை இழுத்துப் பிடிக்கும். நடுவில் இருக்கும் பலகைக்கோ எந்தப் பிடிப்பும் இல்லை. சட்டத்தில் வெட்டிய காடிப் பள்ளத்தில் சும்மா நிற்கும். மழைக்காலத்தில் ஊதவும் வேனிலில் சுருங்கவும் அதற்கு இடம் வேண்டும். இந்த ஊர் மழை ஐந்து மாதம் பெய்யும் மழை. பலகையை இறுக்கிப் பிடித்தால் கதவு வெடித்துவிடும். தேக்கில் மணல்சத்து உண்டு, உளியின் வாய் சீக்கிரம் மழுங்கும். நான்கு துளை போட்டால் சாணைக்கல்லுக்குப் போக வேண்டும். எல்லாம் கையால் செய்வதால் எந்தக் கழுந்தும் இன்னொரு துளைக்கு அச்சாகப் பொருந்தாது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் ஜோடி.

சயாஜி ஆணிகளைத் தட்டி எடுத்துவிட்டுச் சட்டத்தின் மேல் ஒரு துண்டுப் பலகையை வைத்துக் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டினார். முனகிக்கொண்டே கழுந்து வெளியே வந்தது. வெளிமரம் புகையும் வார்னிஷும் ஏறிக் காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. கழுந்து தேன் நிறம். வெளிச்சமே படாத மரம். அண்ணன் குனிந்து மோந்து பார்த்தார். பழைய தோலும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை எனக்கே எட்டியது. கழுந்தின் கன்னத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு, உளி முனையால் வெட்டிய ஓர் எழுத்து. உ.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. "பிள்ளையார் சுழி" என்றேன் அண்ணனிடம். யாரோ ஒரு தமிழ் ஆசாரி, வேலையைத் தொடங்கும்போது பிள்ளையாரை நினைத்துச் சுழி போட்டு, அதை யார் கண்ணுக்கும் தெரியாதபடி மூட்டுக்குள் வைத்து மூடிவிட்டுப் போயிருக்கிறார். நான் அங்கேயே நின்று மனத்துக்குள் ஒரு பிரசங்கமே நடத்திவிட்டேன். பக்தி, அடக்கம், கடல் கடந்த தமிழன், எல்லாம் வந்தது. அண்ணன் போனை எடுத்துப் படம் பிடித்தார்.

அடுத்த கழுந்து வந்தது. அதில் 'ங'. அதற்கடுத்து 'ரு'. பிரசங்கம் தடுமாறியது. பெயரின் முதலெழுத்துகளா? 'ங'வில் எந்தத் தமிழன் பெயர் தொடங்கும்? நான் தாளில் எழுதி வைத்து மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சயாஜி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு தரையில் கிடந்த கழுந்துகளை ஒவ்வொன்றாகக் கொட்டாப்புளி நுனியால் தொட்டுக்கொண்டே பர்மிய மொழியில் சொல்லிக்கொண்டு போனார்: "நித், தோங், ஙா." இரண்டு, மூன்று, ஐந்து. "லே எங்கே?" என்று கேட்டுத் தானே தேடி 'ச' என்று வெட்டியிருந்த கழுந்தை எடுத்து வைத்தார். நான்கு.

தமிழ் எண்கள். க, உ, ங, ச, ரு, சு, எ, அ. ஒன்றிலிருந்து எட்டு, எட்டு மூட்டுக்கு எட்டு எண். எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்பதற்கான அடையாளம். பிள்ளையாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

முப்பது ஆண்டு கணக்கு எழுதியவன் நான். கோயில் மாலைப் பள்ளியில் தமிழ் படித்தவன், தமிழில் எழுதுகிறேன் என்று கொஞ்சம் கர்வமும் உள்ளவன். எனக்கு அந்த எண்கள் தெரியவில்லை. எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தமிழ்நாட்டிலும் இன்று அதே கதைதான் என்று அறிகிறேன். தமிழில் ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாத ஒரு பர்மியர் அவற்றைக் கடகடவென்று சொன்னார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வி புரியவில்லை. தச்சனுக்கு இது தெரியாமல் எப்படி என்பது போல் பார்த்தார். அவருடைய அப்பா கற்றுக்கொடுத்தாராம். அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தவர் 'கலா சயா', அதாவது என் தாத்தா. சாக்கட்டியால் பலகையில் எழுதிக் காட்டி, தப்பாக வெட்டினால் அளவுகோலால் முட்டியில் ஒரு தட்டு. போர்க்காலத்தில் வண்டிச் சக்கரத்தின் ஆரங்களுக்கு அவருடைய அப்பா இதே எண்களைப் போட்டார். கூட்டுறவுச் சங்கத்துப் பள்ளி பெஞ்சுகளிலும் போட்டார்கள். சயாஜி தன்னிடம் கற்ற பையன்களுக்கும் இதையே சொல்லிக்கொடுத்திருக்கிறார். "இது உங்கள் எழுத்தா?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார். "நான் மரத்தின் எண் என்று நினைத்தேன்."

அண்ணனுக்கு இந்தக் குறிகளைப் பார்த்த ஞாபகம் இருந்தது. அப்பா எங்கோ போட்டிருக்கிறார், இவரும் சும்மா ஜோடிக் குறி என்று நினைத்து, தான் முதலாளியானதும் பென்சிலால் ஆங்கில எண் போட ஆரம்பித்திருக்கிறார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அடுக்களையில் இருந்த பழைய ஸ்டூலைக் கவிழ்த்தேன். சின்ன வயதில் அதைக் கவிழ்த்துப் போட்டு நானும் அண்ணனும் கப்பல் விட்டிருக்கிறோம். உட்காரும் பலகைக்கு அடியில், கால் பொருந்தும் இடத்துக்குப் பக்கத்தில், 'எ' என்று ஓர் எழுத்து இருக்கும். யாரோ எழுதிப் பழகியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏழு. சங்கத்தில் மிஞ்சிய துண்டு மரத்தில் சயாஜியின் அப்பா எங்கள் வீட்டுக்கென்று செய்து அனுப்பியது அது. அப்பா சாப்பிட அனுமதி கேட்ட அதே மனிதர்.

அந்தக் கதவைத் தாத்தா செய்தார் என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கட்டடம் தாத்தா வருவதற்கு முன்பே எழுந்தது, ரங்கூனில் தமிழ் ஆசாரி அவர் ஒருவர் மட்டுமா? ஆனால் ஸ்டூலைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஏழடிப் பலகை

இப்போது என் வாதம் உங்களுக்குப் புரிந்திருக்கும். 'குடும்பத் தொழில்' என்று எழுதினால் எந்தக் குடும்பம்? எங்கள் குடும்பம் அந்தக் கொட்டகையைவிட்டு இரண்டு முறை போனது. ஒருமுறை நடந்து, ஒருமுறை கப்பலில். அந்த இரண்டு முறையும் உள்ளேயே இருந்தவர்களின் பெயர் பலகையில் வராது. இதைத்தான் அண்ணன் மகனிடம் சொல்லப் பார்த்தேன். சொன்ன விதம் சரியில்லை போலிருக்கிறது. "அப்படியானால் ஆண்டே வேண்டாம் என்கிறீர்களா?" என்றான்.

அவன் முட்டாள் இல்லை. அண்ணன் 2019இல் இறந்தபிறகு தனியாகப் பட்டறையை இழுத்துக்கொண்டு வருகிறான். 2021க்குப் பிறகு அமெரிக்காவும் ஐரோப்பாவும் பர்மா மரத்துக்குத் தடை போட்டபின் புதுத்தேக்கு வேலை சுருங்கிவிட்டது. பழைய கதவு, பழைய சன்னல், இடித்த வீட்டுத் தேக்கில் மேசை என்று தேடி வருபவர்களை நம்பித்தான் அடுப்பு எரிகிறது. அவர்கள் ஆண்டு கேட்கிறார்கள். 1882இல் தேக்கால் கட்டிய பெகு கிளப்பைத் திருத்தி மெருகு போட்ட ஊரில், ஆண்டு இல்லாத பட்டறைக்கு யார் வருவார்கள்?

நான் அவனுக்கு மாண்டலேயின் ஷ்வேநந்தோ மடாலயத்தைச் சொன்னேன். முதலில் அமரபுரா அரண்மனையின் ஒரு பகுதியாக இருந்தது. தலைநகரம் மாறியபோது கழற்றி மாண்டலேக்குக் கொண்டுவந்து மாட்டினார்கள். மிண்டோன் மன்னர் அதில்தான் இறந்தார். மகன் தீபோ அந்த அறைகளோடு இருக்கப் பிடிக்காமல் மறுபடி கழற்றி அரண்மனைக்கு வெளியே மாட்டவைத்தார். 1945இல் அரண்மனை எரிந்தபோது இது தப்பியது அதனால்தான். அமரபுராவில் எழுந்த ஆண்டா, மாண்டலேக்கு வந்த ஆண்டா, வெளியே வந்த ஆண்டா, எதை எழுதுவது? "சித்தப்பா, அது தங்க முலாம் பூசியது" என்றான். "அதற்கு ஆண்டு தேவையில்லை. நம்மிடம் ஆண்டு மட்டும்தான் இருக்கிறது."

சயாஜியையே கேட்டோம். எந்த ஆண்டு போடலாம் என்று. "நான் வந்தது 1960. அதற்கு முன்னால் நடந்தது எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். பலகைக்குச் சுற்றுச்சட்டம் போடாவிட்டால் மழையில் முறுக்கிக்கொள்ளும் என்பதுதான் அவருடைய கவலை. அவருடைய பெயரையும் சேர்க்கலாமே என்று நான் சொன்னபோது, கையை வீசிவிட்டு வெற்றிலையைத் துப்பப் போனார். அவர் வேண்டாம் என்றாரா, என் பேச்சு போதும் என்றாரா என்று இன்னும் யோசிக்கிறேன்.

கடைசியில் அண்ணன் மகன் வென்றான். 1926 ஏறிவிட்டது. ஆனால் பர்மிய எழுத்தில் வரி நீண்டுபோய் இடைவெளி சரியாக வரவில்லை என்று 'குடும்பத் தொழில்' என்ற சொற்களையும் 'நான்கு தலைமுறை'யையும் அவனே எடுத்துவிட்டான். என் வாதத்துக்கு இதில் பங்கில்லை என்று அழுத்திச் சொன்னான்.

போன ஞாயிற்றுக்கிழமை சுற்றுச்சட்டம் கோத்தார்கள். நான்கு சட்டம், நான்கு மூட்டு. சயாஜிக்குக் கண் முன்போல் இல்லை. எண் வெட்டும் வேலையை அண்ணன் மகனிடம் விட்டார். சாக்கட்டியால் தரையில் நான்கு குறிகளை எழுதிக் காட்டினார். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வெட்டினான். க வந்தது. உ கொஞ்சம் கோணலாக வந்தது. மூன்றாவது கழுந்தைத் தலைகீழாக வைத்துப் பிடித்தபடி வெட்டிவிட்டான் போல. 'ங' கவிழ்ந்து கிடந்தது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் சயாஜி கழுந்தைத் துளையில் வைத்து, கொட்டாப்புளியால் இரண்டு தட்டுத் தட்டி மூட்டை மூடிவிட்டார்.